பூச்சுத் தொட்டியருகே

தங்கொட்டுவைப் பக்கம் உள்ள ஒரு சிறு பீங்கான் பட்டறைக்கு என்னைக் கூட்டிப்போனவர் எத்தாளை என்ற ஊரைச் சேர்ந்த நண்பர். அவருடைய ஊர்ப் பெண் ஒருவர் அங்கே வேலை செய்கிறார். "அக்காவின் கையைப் பார்த்துவிட்டு எழுதுங்க" என்றார்.

மாத்தளைப் பெல்ட்ஸ்பாரும் மீட்டியாகொடைக் கயோலினும் அரைபடும் இடம், அச்சில் வார்க்கும் இடம் எல்லாவற்றையும் விரைவாகக் கடந்து பூச்சுத் தொட்டிக்கு வந்தோம். அக்கா நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார், வேலையை நிறுத்தவில்லை.

முதல் சூட்டில் வெந்து வந்த கோப்பை தண்ணீரை உறிஞ்சும். அக்கா அதை மூன்று விரலால் பிடித்துப் பால்நிறக் கரைசலில் அமிழ்த்தி, மணிக்கட்டைத் திருப்பி எடுக்கிறார். நீரைக் கோப்பை குடித்துவிட, பொடி மட்டும் மேலே படலமாகத் தங்குகிறது. தடித்தால் சூளையில் வழியும்; மெலிந்தால் சொரசொரக்கும். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் பூச்சு சுருங்கி விலகும். அடிவிளிம்பைப் பஞ்சால் துடைக்காவிட்டால், 1300 பாகையைத் தாண்டிய சூட்டில் கோப்பை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஊசியால் கீறிப் படலத்தின் கனத்தைப் பார்க்கிறார்.

"எப்போது எடுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும் அக்கா?"

"கோப்பை குடிக்கிறது கைக்குத் தெரியும் தம்பி. பாரம் மாறும்."

இதைக் கேட்டபோது இன்னொரு படலம் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இரவிராஜன் குழுவினர் சூரிய மின்கலங்களுக்காக டைட்டேனியம் டையொக்சைட் படலங்களை ஆராய்கிறார்கள். அத்துறையில் பொடியைப் பசையாக்கிக் கண்ணாடிமேல் விளிம்பால் இழுத்துப் பரப்பி, ஏறத்தாழ 450 பாகையில் சுடுவார்கள். அங்கேயும் கனம் பிசகினால் எல்லாம் பிசகும். அக்காவின் கணக்கும் அதே கணக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

கச்சான் காற்றில் கடல் மூடிக்கொள்ளும் மாதங்களில் அப்பா பட்ட கடனுக்காகப் படிப்பை விட்டு வந்தவர் அக்கா. 2022இல் எரிவாயு இல்லாமல் சூளை அணைந்தபோது ஊருக்குப் போய்க் கருவாடு தரம்பிரித்தார். திரும்ப அழைத்தபோது அவர் பட்டறையின் ஆளாக இல்லை. ஆள் சேர்த்துத் தரும் ஒப்பந்தக்காரரின் நாட்கூலி. பட்டறை தருவதில் ஒரு பங்கை ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொள்கிறார். எதற்காக? அந்த மனிதர் ஒரு கோப்பையையாவது தொட்டிருப்பாரா? 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொடுப்பவர் 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலைகொடுப்பவர் இன்னும் 3 சதவீதம். அக்காவின் கூலியில் கழிவு இருக்கிறது. கட்டிய சீட்டு இதுவரை கைக்கு வரவில்லை. இடையில் ஒருவரை நிறுத்திவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற ஏற்பாடு இது. களவு என்றே நான் சொல்வேன்.

பட்டறைத் தரையை ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். கூட்டினால் பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலைத் தழும்பாக்கும். அங்கே விளக்குமாறு நின்றது. அதைப் பட்டறைக்காரரிடம் சொன்னேன்.

அடுத்த மாதம் புதிதாக இரண்டு பிள்ளைகள் வருகிறார்களாம். பூச்சு வேலையை அக்காதான் பழக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி கிடையாது.