தடை கட்டும் குமிழ்

சில மடிக்கணினிகளின் விசைப்பலகையில், ஜி, எச், பி ஆகிய எழுத்துகளுக்கு நடுவே, பென்சிலின் பின்முனையிலுள்ள ரப்பரைப் போன்ற சிறு குமிழ் ஒன்று தலைநீட்டிக்கொண்டிருக்கும். விரல் அதை அழுத்தும் திசையில் திரையிலுள்ள கர்சர் ஓடும். எவரும் தொடாத வேளையிலும் கர்சர் மெல்ல ஒரு பக்கமாக ஊர்ந்து, ஒன்றிரண்டு நொடிகளில் தானாகவே நின்றுவிடுவதை அக்குமிழோடு பழகியவர்கள் அறிவார்கள். அதைப் பழுது என்று எண்ணி விசைப்பலகையையே மாற்றிவிடுவோர் உண்டு. ஆயினும் அந்த ஊர்தல் பெரும்பாலும் பழுதின் அடையாளம் அன்று. எது ஒன்றுமில்லாத நிலை என்பதைக் கருவி ஒருகணம் தவறாகப் புரிந்துகொண்டு, பின்னர் திருத்திக்கொண்டதன் தடமே அது.

இக்குமிழ் நேரக் கணக்கு ஒன்றிலிருந்து பிறந்தது. தட்டச்சு செய்பவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மவுசைப் பற்ற ஏறத்தாழ முக்கால் நொடியும், மீண்டும் எழுத்துகளுக்குத் திரும்ப ஏறத்தாழ அதே அளவு நேரமும் ஆகின்றன என்ற ஆய்வு முடிவு, 1980களில் டெட் செல்கர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது. கை இடம்பெயராமலே சுட்ட முடிந்தால் அந்த நேரம் மிச்சமாகும் என்று கருதிய அவர், நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் ஜோசப் ரட்லெட்ஜுடன் சேர்ந்து இக்கருவியை வளர்த்தெடுத்தார். 1992இல் வெளிவந்த திங்க்பேட் 700சி மடிக்கணினியில் டிராக்பாயிண்ட் என்ற பெயரோடும் சிவப்புத் தொப்பியோடும் அது மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

மவுசுக்கும் இக்குமிழுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் ஊர்தலின் காரணம் விளங்கும். மவுஸ் மேசைமேல் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அதற்கேற்பக் கர்சரும் நகர்கிறது. மவுஸ் நின்றால் கர்சரும் நிற்கிறது. குமிழோ கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அசைவதே இல்லை. விரல் தரும் அழுத்தத்தை மட்டும் உணர்ந்து, அந்த அழுத்தத்தைக் கர்சரின் வேகமாக அது மாற்றுகிறது. தூரத்தை அளக்கும் கருவியில் நேரும் சிறு பிழை அத்தோடு முடிந்துவிடும்; வேகத்தை ஆளும் கருவியிலோ, சுழியம் மயிரிழை தவறினாலும், அந்தத் தவறு நொடிக்கு நொடி சேர்ந்து கர்சரைத் திரையின் விளிம்புவரை கொண்டுசெலுத்திவிடும்.

அழுத்தத்தை உணரும் வேலையைச் செய்வது குமிழின் அடியிலுள்ள திரிபுமானி என்னும் நுண்ணிய உறுப்பு. ஒரு பொருள் வளையும்போதோ நீளும்போதோ அதன் மின்தடை சிறிதளவு மாறும் என்ற உண்மையே இதற்கு அடிப்படை. இழுத்து நீட்டிய உலோகக் கம்பியின் மின்தடை மாறுவதை, பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் 1856இல் எடுத்துக்காட்டினார். 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே, பொருள்களின் மேல் ஒட்டி அளக்கத்தக்க திரிபுமானிகளை உருவாக்கினர். ஆனால் மின்தடை, விரலின் அழுத்தத்துக்கு மட்டுமன்றி வெப்பத்துக்கும் மாறும் இயல்புடையது. மடிக்கணினி இயங்க இயங்கச் சூடேறுகிறது. அச்சூடு விசைப்பலகைக்கு ஏறுகிறது. காலையில் சுழியமாக இருந்த அளவு நண்பகலில் சுழியமாக இருப்பதில்லை. மிகச் சிறிய அழுத்தங்களைப் பொருட்படுத்தாமல் விடும் ஓர் எல்லையை வடிவமைப்பாளர்கள் வகுத்துவைத்திருந்தாலும், சூட்டினால் வரும் மாற்றம் அந்த எல்லையைக் கடக்கும்போது கர்சர் புறப்பட்டுவிடுகிறது.

ஆகவே குமிழ் தன் சுழியத்தை அடிக்கடி புதிதாகக் கண்டறிய வேண்டியிருக்கிறது. விரல் எடுக்கப்பட்டுவிட்டது என்று அதற்குத் தோன்றும் நிலை சிறிது நேரம் நீடித்தால், அப்போதுள்ள அளவையே இனிச் சுழியம் என்று அது எழுதிக்கொள்கிறது. அந்தச் சிறிது நேரத்துக்கும் கணக்கு உண்டு. லினக்ஸ் கெர்னலில் இக்குமிழுக்கென எழுதப்பட்ட நிரல், டிரிஃப்ட் டைம் என்ற பெயரில் அதைக் குறிக்கிறது. ஓர் அலகு 107 மில்லிநொடி, வழக்கமான மதிப்பு 5. அதாவது அரை நொடிக்குச் சற்றே கூடுதலான அமைதி கிடைத்தால் போதும், குமிழ் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். நேரும் சிக்கலுக்கும் இந்த ஏற்பாடே காரணம். அதை விளக்க, மளிகைக் கடைத் தராசைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது.

நெய் வாங்க ஒருவர் தூக்குப் பாத்திரத்தோடு வருகிறார். கடைக்காரர் வெறும் பாத்திரத்தை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் கைக்குக் கிடைத்ததைப் போடுகிறார்: ஒரு கூழாங்கல், துருப்பிடித்த திருகாணி ஒன்று, அதுவும் போதாமல் நாலு புளியங்கொட்டை. முள் நேராக நின்றதும் கையை எடுத்துவிட்டுச் சற்றே காத்திருக்கிறார்; ஆடுவது நின்ற பிறகுதான் எடைக்கல்லைத் தொடுகிறார். இதற்குத் தமிழில் தடை கட்டுதல் என்று பெயர். கல்லும் திருகாணியும் விலைக்கணக்கில் வருவதில்லை. பாத்திரத்தின் எடையை இல்லாத எடையாக ஆக்குவதே அவற்றின் வேலை. மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்புக்கும் தடை என்றே பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் மின்தடையை அளந்து தனக்குத்தானே தடை கட்டிக்கொள்ளும் ஒரு கருவியைப் பற்றிப் பேசும்போது, இரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடுவது மனத்துக்கு நிறைவு தருகிறது. தடை கட்டிய பின் பாத்திரத்தை மட்டும் எடுத்துவிட்டால் என்ன நேரும்? மறு தட்டில் கல்லும் திருகாணியும் இருக்கின்றன. அந்தப் பக்கம் தாழ்ந்துவிடும். தராசில் பழுதில்லை, தட்டில் பொருளும் இல்லை, ஆனாலும் முள் சாய்ந்து நிற்கும்.

குமிழில் நிகழ்வதும் இதுவே. ஒரு நீண்ட பக்கத்தைப் படிப்பவர் விரலைக் குமிழின் மேலேயே வைத்திருக்கிறார். அழுத்தம் சிறிது, ஆனால் மாறாதது. மாறாத அழுத்தத்தைக் குமிழ் வெற்றுத் தட்டு என்று எண்ணி, அந்த விரலுக்கும் சேர்த்துத் தடை கட்டிவிடுகிறது. விரலை எடுத்தவுடன், அது அழுத்திக்கொண்டிருந்த திசைக்கு நேர் எதிராகக் கர்சர் ஊர்கிறது. அதைத் தடுக்க வேண்டும் என்று மீண்டும் விரலால் எதிர்த்துப் பிடிப்பதே இயல்பாக எவருக்கும் தோன்றும். அப்படிப் பிடித்தால் புதிய விரலுக்குப் புதிய தடை கட்டப்படுமே ஒழிய, பிழை தீராது. முதல் மருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பதே.

காத்திருந்தும் தீராத ஊர்தலுக்குக் காரணம் பெரும்பாலும் தொப்பியிலோ அதன் சுற்றுப்புறத்திலோ இருக்கும். தேய்ந்து தளர்ந்த தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து அருகிலுள்ள எழுத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். உயரம் கூடிய தொப்பியை மூடிய திரை அழுத்திக்கொண்டிருக்கலாம். பொத்தான்களின் இடுக்கில் சேர்ந்த துகள்கள், தொப்பியைத் தாங்கும் தண்டை ஒருபக்கம் தள்ளிக்கொண்டிருக்கலாம். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் பார்ப்பது எளிய சோதனை: ஊர்தல் நின்றால் குறை தொப்பியில் இருக்கிறது. விசைப்பலகையைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கிய ஊர்தலுக்கு, சமமின்றி முறுக்கிய திருகுகள் பலகையை வளைத்திருப்பது காரணமாகலாம். லினக்ஸ் பயன்படுத்துவோர் டிரிஃப்ட் டைம் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம். அப்போது சற்றே ஓய்ந்திருக்கும் விரலை வெற்றுத் தட்டு என்று குமிழ் அவசரப்பட்டு எண்ணாது, ஆனால் உண்மையிலேயே ஊரத் தொடங்கிய கர்சர் நிற்பதற்கும் கூடுதல் நேரமாகும். இவை எதற்கும் அடங்காமல் எப்போதும் ஒரே திசையில் ஓடும் கர்சர் மட்டுமே, உணரி பழுதாகிவிட்டது என்று சொல்லத் தகுந்த சான்று.

முக்கால் நொடியை மிச்சப்படுத்துவதற்காகக் கையை விசைப்பலகையைவிட்டு அகலாமல் வைத்த கருவி, தன் சுழியத்தைக் கண்டுகொள்வதற்காக அரை நொடி விரலை எடுக்கச் சொல்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கேட்பதுபோல் இது தோன்றலாம். ஆனால் நெய்க்கடைக்காரர் முள் அசைவு நிற்கும்வரை தராசைத் தொடாமல் நிற்கும் நேரத்தை எவரும் வீண் என்று சொன்னதில்லை. அந்த நேரம் எடைபோடுவதன் ஒரு பகுதி. விரலை எடுத்த பின் கர்சர் கொஞ்ச தூரம் ஊர்ந்து போகட்டும். கட்டிய தடையை அது அவிழ்த்துக்கொண்டிருக்கிறது.