கைப்பேசிக்கு ஒரு பள்ளியறை

மதுரைக்குப் போகும்போதெல்லாம் மல்லிகைப் பூ வாங்கி வருவேன். இந்தத் தடவை ஒரு நல்ல பழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தேன். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் கைப்பேசிகளை வாங்கி வைக்கிறார்களே, அவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

என் கணவர், மகள், மாமியார், நான் ஆக நால்வர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் புறப்பட்டோம். நால்வர் என்றா சொன்னேன்? மூன்று கைப்பேசிகளையும் சேர்த்தால் எழுவர்! எழும்பூரில் ஏறியதுமே மூன்று தலைகள் குனிந்துவிட்டன. கைப்பேசி இல்லாத அத்தை மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மாலை கோயிலுக்குப் போனோம். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு இங்கே வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்ததல்லவா? அதற்கு அடுத்த மாதத்திலிருந்து கோயிலுக்குள் கைப்பேசி கூடாது என்று ஆகிவிட்டது. "போட்டோ எடுக்காமல் என்னத்தைப் பார்ப்பது?" என்று மகள் முணுமுணுத்தாள். மூன்றையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

முதல் கால் மணி நேரம் நாங்கள் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் கை தானாகவே கைப்பைக்குள் போகிறது, வெறுமையாகத் திரும்புகிறது. அவரோ சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். பிறகுதான் கண் திறந்தது. அடேயப்பா, முக்குறுணிப் பிள்ளையார் எவ்வளவு பெரியவர்! ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளவை 985 தூண்களே என்று கேட்டதும், "பாக்கி 15 எங்கே அப்பா?" என்று மகள் பிடித்துக்கொண்டாள். அவள் தன் தகப்பனாரிடம் கேள்வி கேட்டே எத்தனை நாளாயிற்று!

பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். எதிரே தெற்குக் கோபுரம் ஓங்கி நின்றது. "எத்தனை பொம்மைகள், பார்த்தீர்களா அத்தை?" என்றேன்.

"கோபுரம் நிற்கிறது தெரிகிறது. பொம்மை ஒன்றும் தெரியவில்லை, அம்மா. வலது கண்தான் ஒரு வருஷமாக மங்கலாயிற்றே!"

எனக்குத் திக்கென்றது. "ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"மூன்று தடவை சொன்னேனே! நீ 'உம்' என்றாய்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அந்த மூன்று 'உம்'களையும் கைப்பேசியைப் பார்த்தபடியே சொல்லியிருக்கிறேன்!

அன்றிரவு பள்ளியறை பூஜைக்குக் காத்திருந்தோம். நாயன ஓசையுடன் சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளினார். உலகாளும் சுவாமிக்கே, 'இன்றைய வேலை போதும்' என்று ஒரு நேரம் இருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் இல்லை?

மறுநாள் காலை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அத்தையை அழைத்துப் போனோம். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது. கண்புரைதான் என்றார்கள். கூட நாலு நாள் தங்கி, அறுவைச் சிகிச்சையையும் முடித்துக்கொண்டே ஊர் திரும்பினோம்.

இப்போது எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் ஒரு பழைய பித்தளைத் தூக்கு இருக்கிறது. அதுதான் கைப்பேசிகளின் பள்ளியறை. இரவு 9 மணிக்கு மூன்றும் அதற்குள் போய்விடும். அவசரமாக யாராவது அழைத்தால் மணி கேட்கும். எழுந்து போய்ப் பேசலாம். காலையில் எழுப்ப 'அலாரம்' கடிகாரம் ஒன்று வாங்கியாயிற்று. சாப்பாட்டு வேளையிலும் கைப்பேசிக்கு இடமில்லை. சாப்பிட்டானதும் மொட்டை மாடியில் சற்று உலாவுகிறோம். படுக்கையில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் தள்ளிப் போகும் என்று மருத்துவர்கள் சொல்வது மெய்தான். இப்போது படுத்ததும் தூங்கிவிடுகிறேன். முதல் வாரம் கை பரபரத்தது உண்மை. அப்புறம் பழகிவிட்டது.

அத்தைக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. "உனக்குக் காதோரம் நரைத்துவிட்டதே!" என்றார் நேற்று.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாம், அத்தை" என்றேன். 'உம்' என்று சொல்லவில்லை.