சுவரேறிய துவிச்சக்கர வண்டி

பழைய இரும்பு வாங்குபவர் எமது படலையிலே வந்து குரல் கொடுத்தபோது, நாம் பின்வளவுக் கொட்டிலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தோம். உடைந்த வாளி, துருப்பிடித்த தகரம், கால் முறிந்த முதிரைக் கதிரை ஆகியவற்றோடு ஒரு துவிச்சக்கர வண்டியும் முற்றத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. வந்தவர் தமது சட்டைப்பையிலிருந்து சிறு காந்தமொன்றை எடுத்து அதன் சட்டகத்திலே வைத்துப் பார்த்தார். காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"ஐயா, இது அலுமினியம். இரும்பைவிடக் கூட விலை தருவன்" என்றார்.

தராசைக் கண்டதும் எமது உள்ளத்தில் ஏதோ நெருடிற்று. வாளியையும் தகரத்தையும் கொடுத்தோம். வண்டியைக் கொடுக்க மனம் வரவில்லை.

அது மலை வண்டி. ஆங்கிலப் பெயரால் 'மவுண்டன் சைக்கிள்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலே மலை ஏது? மலையென்று பெயர் தாங்கிய கீரிமலையிலேயே மலை இல்லை. ஆயினும் 2002 ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர், கொழும்பிலிருந்து எமது மைத்துனர் அதனைக் கொண்டுவந்து மூத்த மகனுக்குக் கொடுத்தார். தடித்த சில்லுகளும் சரிந்த மேற்குழாயும் கொண்ட அந்த நீல நிற வண்டியைப் பார்க்க ஒழுங்கையிலுள்ள பிள்ளைகளெல்லாம் கூடிவிட்டார்கள். எமது பழைய உயர்ந்த வண்டியோ அன்று முழுவதும் மாமரத்தடியிலே கவனிப்பாரின்றி நின்றது.

2006 ஆம் ஆண்டு ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. எரிபொருளும் உணவுப் பொருளும் அருகின. அக்காலத்தில் மகனுடைய வண்டி வீட்டுக்கே வண்டியாயிற்று. அதிகாலையில் கூட்டுறவுக் கடை வரிசைக்கு நாம் அதிலே போவோம். திரும்பி வந்ததும் மகன் அதனைப் பாடசாலைக்குக் கொண்டோடுவான். இளைய மகள் அப்போது முன்பள்ளிப் பிள்ளை. அவளைப் பாரிலே இருத்திக் கொண்டுபோவதற்காக எமது இல்லாள் ஒரு பழைய சேலைத்துண்டை மடித்து மேற்குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அந்தப் பார் சரிந்ததாகையால் பிள்ளை வழுக்கி வழுக்கி எமது மார்பிலே வந்து சாய்வாள்.

2010 இல் மகன் கனடாவுக்குச் சென்றான். வண்டி பல ஆண்டுகள் எம்முடனேயே உழைத்தது. ஒருநாள் மிதிக்கும்போது கீழிருந்து ஒரு முனகல் கேட்டது. திருத்துபவரிடம் கொண்டுசென்றோம். அவர் அழுக்கைத் துடைத்துவிட்டுக் காட்டினார். மிதியச்சைத் தாங்கும் பெட்டியோடு இருக்கைக் குழாய் சேருமிடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடியிருந்தது. உருக்குச் சட்டகமாயின் ஒட்டிவிடலாம் என்றும், அலுமினியத்தை ஒட்டினால் அந்த வெப்பத்திலே சுற்றியுள்ள உலோகம் வலிமை குன்றிவிடும் என்றும் அவர் விளக்கினார். அவ்வலிமையை மீட்க முழுச் சட்டகத்தையும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். அதற்கான உலை எம்மூர்க் கடைகளில் இல்லை. அன்று கொட்டிலுக்குள் போன வண்டியே இப்போது முற்றத்துக்கு வந்தது.

"அப்பா, இதைச் சுவரிலை மாட்டுவமே? கொழும்பிலை ஒரு தேநீர்க் கடைச் சுவரிலை இப்பிடி ஒண்டு கண்டனான். வலு வடிவாயிருந்தது" என்றாள், இப்போது பல்கலைக்கழகத்திலே பயிலும் மகள்.

எமது இல்லாள் உடனே மறுத்தாள். "ஓடக்கூடிய சில்லைச் சுவரிலை தொங்கவிடுறது பணத்திமிர். முன்வீட்டுப் பெடியன் சில்லில்லாத சைக்கிளோடை நிக்கிறான்."

இச்சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. பொருளை அழகுக்காக மாட்டிவைப்பதிலே ஒரு பிழை நேரக்கூடும். இன்னும் உழைக்க வல்லதை நாம் அசையாமற் கட்டிவைத்துவிடலாம். எனவே வீட்டிலே ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஓடக்கூடியது எதுவோ அது ஓடட்டும். ஓட முடியாதது மாத்திரமே சுவரேறட்டும். சில்லுகள், தடைகள், இருக்கை, மிதிகள், சங்கிலி யாவும் முன்வீட்டுக்குச் செல்வதென முடிவாயிற்று.

கழற்றும் வேலை நாம் எண்ணியதுபோல எளிதாயிருக்கவில்லை. இடப்பக்க மிதியைக் கழற்றுவதற்கு அரைமணி நேரம் மல்லாடினோம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த முன்வீட்டுச் சிறுவன், "மாமா, நீங்கள் இறுக்குறியள்" என்றான். இடப்பக்க மிதியின் புரி வழக்கத்துக்கு மாறானது. மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாதபடி அவ்வாறு வெட்டியிருக்கிறார்கள். மிதியச்சுப் பெட்டியிலோ வலப்பக்கத்துக் கிண்ணமே மாறான புரி உடையது. இத்தனை ஆண்டுகள் மிதித்தும் இதனை நாம் அறியாதிருந்தோம்! மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு ஊறவிட்ட பின்னரே அக்கிண்ணம் அசைந்தது.

எல்லாம் நீங்கிய பின் சட்டகத்தை ஒரு கையாலே தூக்கினோம். ஏறக்குறைய 2 கிலோகிராம்தான் இருக்கும். முன்னே ஒரு பெரிய முக்கோணம், பின்னே இணையான இரு சிறு முக்கோணங்கள், அவ்வளவே. முக்கோணத்தின் பக்கங்கள் நீளம் மாறாதவரை அதன் உருவும் மாறாது. இங்கிலாந்திலே கொவென்றி நகரத்தில் ஜோன் கெம்ப் ஸ்ராலி 1885 இல் 'றோவர்' வண்டியை வெளியிட்டார். அதன் பின்னர் சில ஆண்டுகளுக்குள் இவ்வடிவம் நிலைபெற்றது. அன்றிலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை பெரிதாக மாறவில்லை. இத்தனை பாரத்தையும் தாங்கியது இச்சிறு எலும்புக்கூடுதானா என்று வியந்தோம்.

மலை வண்டியின் பிறப்பை மகள் படித்துச் சொன்னபோது வியப்பு மேலும் பெருகிற்று. 1970 களிலே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தமல்பயஸ் மலையடிவாரத்து இளைஞர் சிலர், 1930 களிலும் 40 களிலும் செய்யப்பட்டுக் கைவிடப்பட்டிருந்த தடித்த சில்லு வண்டிகளைத் தேடியெடுத்துத் திருத்தி, மண்பாதைகளிலே மலையிறங்கி விளையாடினார்கள். பழைய சட்டகங்கள் அந்த அடிகளைத் தாங்காமல் முறிந்தன. 1977 இல் அவர்களுள் ஒருவரான ஜோ பிறீஸ் அவ்விளையாட்டுக்கென்றே புதிய சட்டகம் செய்தார். ஆகவே, மலை வண்டி என்பதே பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய வண்டியின் மறுபிறவிதான். எமது கொட்டிலிலிருந்த வண்டிக்கும் ஒரு மறுபிறவி உண்டென எண்ணியது தவறன்று எனத் தேறினோம்.

அடுத்து நிறம் பூசுவதா விடுவதா என்ற கேள்வி எழுந்தது. கீறல்கள் நிறைந்த நீலத்தைச் சுரண்டி, பொன்னிறம் பூசிப் பளபளப்பாக்குவதே எமது எண்ணம். சவர்க்கார நீரால் கழுவி, பழந்துணியால் துடைத்துக்கொண்டு வந்தபோது மேற்குழாயின் நடுவிலே கை நின்றது. அங்கே ஒரு சாண் நீளத்துக்கு நீலம் தேய்ந்து, வெள்ளை உலோகம் வெளியே தெரிந்தது. விழுந்த கீறலன்று அது. மென்மையாக, வழவழப்பாக இருந்தது. சேலைத்துண்டு கட்டியிருந்த இடம்! பிள்ளையின் பாரமும் துணியிலே படிந்த மணலும் சேர்ந்து நாள்தோறும் உராய்ந்து உண்டாக்கிய தழும்பு.

மகள் அதனை விரலாலே தடவிப் பார்த்தாள். "இதுக்கு மேலை பூச வேண்டாமப்பா" என்று மாத்திரம் சொன்னாள். பூச்சுத் தகரத்தை மூடிவிட்டோம்.

சுவரும் எம்மைச் சோதித்தது. எமது வீடு சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய வீடு. கல்லிடைச் சாந்திலே துளையிட்டால் பொடி பொடியாக உதிரும். தட்டிப் பார்த்து, கல் இருக்குமிடமறிந்து துளைத்தோம். கால் முறிந்த கதிரையின் முதிரைக் காலிலிருந்தே இரண்டு முளைகள் செதுக்கி, திருகாணியால் இறுக்கினோம். குழாய் உராயாதபடி அவற்றின்மேல் பழைய ரியூப் துண்டைச் சுற்றினோம். சில்லச்சு பொருந்தும் முன் பின் இடங்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு, வண்டி வீதியிலே நின்ற நிலையிலேயே சட்டகத்தை ஏற்றினோம். வெடிப்புள்ள பக்கத்தைச் சுவரோடு மறைக்கலாமென்று எண்ணிப் பின்னர் கைவிட்டோம். அது ஏன் சுவரேறியது என்பதற்கு அவ்வெடிப்பே சாட்சியன்றோ!

ஓவியர் பிக்காசோ 1942 இல் ஒரு வண்டியின் இருக்கையையும் கைபிடியையும் இணைத்து எருதின் தலையாக்கினார். அந்த எருதுத்தலை எவர் கையிலேனும் அகப்பட்டு மறுபடியும் வண்டிக்குரிய உறுப்பாகிவிடக்கூடும் என்ற கருத்திலும் அவர் வேடிக்கையாகப் பேசியதுண்டு. அக்கருத்து எமது இல்லாளுக்கும் உடன்பாடே என்பதில் ஐயமில்லை.

படத்தைக் கைத்தொலைபேசியிலே மகனுக்கு அனுப்பினோம். அவனுக்கும் இப்போது ஒரு பெண் குழந்தை உண்டு. நெடுநேரம் பதில் வரவில்லை. பின்னர் அழைத்தான். "அம்மா சீலை கட்டின இடம் தெரியுது" என்றான். அதற்குமேல் அவனும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

இன்று விறாந்தைச் சுவரிலே சட்டகம் அசையாமல் நிற்கிறது. ஒழுங்கையிலே அதன் சில்லுகள் முன்வீட்டுச் சிறுவனோடு ஓடுகின்றன. மாலையில் அவன் மணியடித்துக்கொண்டு படலையைக் கடக்கும்போது எமது இல்லாள் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள். வீட்டை அழகுசெய்ய விழையும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: சுவரிலே ஏற்றுமுன் கொடுக்கத்தக்கதைக் கொடுத்துவிடுங்கள், பூசுமுன் ஒருமுறை தடவிப் பாருங்கள்.