பன்னிரண்டு வாரக் கணக்கு

சித்திரை 20, திருச்செங்கோடு

பட்டறையில் கம்ப்ரசர் ஓய்ந்த பிறகுதான் அந்த வீட்டில் பேச்சு தொடங்கும். அப்பா பத்தாவதோடு நிறுத்திவிட்டு போர்வெல் ரிக் வண்டியில் ஏறியவர். இன்று இரண்டு வண்டிக்குச் சொந்தக்காரர். திருச்செங்கோட்டு ரிக்குகள் வட மாநிலங்கள் வரை போய்ப் போர் போடுகின்றன. வண்டி போகும் இடத்துக்கெல்லாம் கணக்கும் கடிதமும் போக வேண்டும். அதைப் பார்ப்பவள் பி.காம். முடித்த மகள். இங்கிலீஷில் எழுதிவிடுவாள். போனில் யாராவது கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இத்தனைக்கும் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் படித்தவள். மாநிலம் முழுவதிலுமிருந்து பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த வட்டாரம் அது. பரீட்சையில் இங்கிலீஷ் மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் எழுந்து நின்று சொந்தமாக நாலு வாக்கியம் பேசு என்று அவளை யாரும் கேட்டதே இல்லை. பேச வைக்காத பிள்ளை பேசவில்லை, அவ்வளவுதான்.

"ஆறு மாசம் வெளிநாடு போயிப் படிச்சுட்டு வரட்டுங்களாப்பா?"

"எந்த நாட்டுக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணு?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை.

சித்திரை 24, சேலம்

ஓர் ஆலோசனை அலுவலகம். லண்டனில் ஆறு மாத கோர்ஸ், படித்துக்கொண்டே பார்ட் டைம் வேலையும் பார்க்கலாம் என்றார்கள். முன்பணத்தைத் தங்கள் கணக்கில் அன்றே போடச் சொன்னார்கள். அப்பா எழுந்துவிட்டார். சேஸிஸ் நம்பர் பார்க்காமல் எந்த வண்டிக்கும் அவர் அட்வான்ஸ் கொடுத்ததில்லை.

இரவு அவளே பிரிட்டன் அரசின் விசா விதிகளைப் படித்தாள். ஆறு மாதம் வரையிலான படிப்புக்குப் பார்வையாளர் விசா போதும். அதற்கு மேல் பதினோரு மாதம் வரை இங்கிலீஷ் படிக்கக் குறுகிய காலப் படிப்பு விசா. இரண்டிலும் வேலை பார்க்க அனுமதி கிடையாது. பள்ளிக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தும் அங்கீகாரத் திட்டத்தின் பட்டியலை யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு பள்ளியையும் ஆய்வு செய்து எழுதிய அறிக்கையும் கூடவே இருக்கிறது.

"இதுதாம்ப்பா சேஸிஸ் நம்பரு" என்றாள்.

சித்திரை 29

அடுத்து மற்ற நாடுகளின் விதிகளைப் பார்த்தாள். அயர்லாந்தில் 25 வாரம், வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் வகுப்பு. பகுதி நேர வேலைக்கும் அனுமதி உண்டு. அது இழுக்கத்தான் செய்தது. ஆனால் 2014, 2015இல் டப்ளினில் தனியார் கல்லூரிகள் அடுத்தடுத்து மூடப்பட்டு, கட்டணம் கட்டிய வெளிநாட்டு மாணவர்கள் தெருவில் நின்றார்கள். பள்ளி மூடினால் மாணவரின் நிலை என்ன என்பதற்கு ஏற்பாடு காட்ட வேண்டும் என்ற விதி இறுகியது அதன் பிறகுதான். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்கு வாரம் 20 மணி நேர வகுப்பு, அரசுப் பதிவேட்டில் பள்ளியின் பெயர், பள்ளி மூடினால் கட்டணத்தைக் காக்க ஒரு தனித் திட்டம்.

வேலைக்காகப் போகவில்லை, பேசப் போகிறோம் என்று அவளே அயர்லாந்தைப் பட்டியலிலிருந்து அடித்தாள். சரியான முடிவு.

வைகாசி 4

பழைய லாரி டயரியின் பின்பக்கத்தில் கணக்கு. ஐரோப்பிய அளவுகோலில் மொழித்திறனுக்கு ஆறு படிகள், ஏ1 முதல் சி2 வரை. இணையத் தேர்வில் அவள் பி1. அங்கிருந்து பி2 ஏறச் சுமார் 150 முதல் 200 மணி நேரம் ஆசிரியர் முன் உட்கார வேண்டும். ஒரு பள்ளி வாரத்துக்கு 20 பாடம் என்கிறது. ஆனால் பாடம் ஒன்றுக்கு 45 நிமிடம். அப்படியானால் 15 மணி நேரம்தான். பன்னிரண்டு வாரத்துக்கு 180.

ஆறு மாதம் தேவையே இல்லை. பாதிச் செலவு அந்த ஒரு பக்கத்தில் மிச்சமானது.

வைகாசி, தேர் அசைந்த நாள்

பெரியப்பா வந்திருந்தார். பக்கத்துக் குமாரமங்கலத்துக் கதையை எடுத்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்த ப. சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தவர். மகன்களை ஈட்டன் பள்ளிக்கு அனுப்பினார். ஒருவர் 1966இல் ராணுவத் தலைமைத் தளபதி, மோகன் குமாரமங்கலம் பின்னாளில் மத்திய அமைச்சர். மகள் பார்வதியும் ஆக்ஸ்போர்டு போனவர்தான், பிறகு கோயம்புத்தூரின் எம்.பி. "அந்தக் காலத்துலயே பொம்பளப்புள்ளயக் கப்பல் ஏத்தி அனுப்புனாங்க" என்றார் பெரியப்பா. அம்மாவின் தயக்கம் அந்தப் பேச்சில்தான் கரைந்தது. ஜமீன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல வருடங்கள் கிடைத்தன. இவளுக்கு 180 மணி நேரம். ஒவ்வொன்றும் எண்ணிச் செலவழிக்க வேண்டியது.

வைகாசி 26

"அத்தன பணங்கட்டிப் போயி அங்கயும் நம்மாளுங்களோடயே தமிழ் பேசிட்டிருந்தா?" அப்பா கேட்ட இந்தக் கேள்வியையும் சேர்த்து மூன்று பள்ளிகளுக்கு மெயில் போனது: வகுப்பில் எத்தனை பேர், எந்தெந்த நாட்டவர், விசா மறுக்கப்பட்டால் பணம் எவ்வளவு திரும்பும், தங்க வைக்கும் குடும்பத்தை யார் போய்ப் பார்த்து வருகிறார்கள்?

ஒரு பள்ளி பதிலே போடவில்லை. இன்னொன்று பதிலுக்குத் தன் கையேட்டை மட்டும் அனுப்பியது. இங்கிலாந்தின் போர்ன்மவுத் என்ற கடற்கரை ஊரில் உள்ள பள்ளி மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதியது. ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், வேலைக்காகப் படிப்பவர் செப்டம்பரில் வருவது நல்லது என்றும் சொன்னது. சேர்ப்பதற்கு முன் இருபது நிமிடம் வீடியோவில் பேசிப் பார்க்க வேண்டுமாம்.

ஆனி 2

மாலை நாலரை. அப்பா கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். வெல்டிங் பையன்கள் கையில் ஹோல்டரோடு அப்படியே நின்றார்கள். உள்ளே அவள் ரிக் வண்டி எப்படிப் போர் போடும் என்று இங்கிலீஷில் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு சொல் வரவில்லை. கையால் சுழற்றிக் காட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.