கோடை விடுமுறையும் எங்கள் நீச்சல் போட்டியும்



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வசிக்கும் எட்டுக் குடும்பத்தார் ஒன்றுசேர்ந்து, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக நீச்சல் போட்டி ஒன்றை நடத்தினோம். வேறு ஊர்களில் உள்ள சகோதரர்களுக்கும் இப்படியோர் எண்ணம் இருப்பதாக அறிகிறோம். எங்கள் அனுபவம் அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், எங்களுக்குப் பெருமை சேர்க்காத பகுதிகளையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

எங்கள் அத்தாமார்களின் காலத்தில் இதற்கெல்லாம் தேவை இருந்ததில்லை. ஊருக்கு வெளியே தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு வெட்டுக் கிணறு இருக்கும். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றையும் கட்டித் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். கயிற்றின் மறுமுனை படிக்கட்டில் நிற்கும் அத்தாவின் கையில் இருக்கும். இரண்டாவது வாரம் குடுக்கை கழன்றுவிடும். மூன்றாவது வாரம் பம்புசெட்டு மேட்டிலிருந்து குதிக்கலாம். அதற்குப் பிறகும் மிதக்கத் தெரியாதவனுக்குக் "கடப்பாரை நீச்சல்" என்று பட்டம் சூட்டிவிடுவார்கள். அந்தப் பட்டம் நிக்காஹ் மேடை வரைக்கும் கூடவே வரும்.

நிலத்தடி நீர் இறங்க இறங்க அந்தக் கிணறுகள் வறண்டன. அவற்றின் இடத்தில் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. சாண் அகலக் குழாயில் எந்தப் பிள்ளை நீந்தப் பழகும்? ஒரே தலைமுறையில் நீச்சல் எங்கள் தெருக்களிலிருந்து மறைந்துவிட்டது. தண்ணீர் மட்டும் மறையவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கண்மாய்கள் நிறைகின்றன. மண் அள்ளிய இயந்திரங்கள் விட்டுச்சென்ற பள்ளங்கள் அந்த நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. முழங்கால் ஆழம் என்று நம்பி இறங்கும் பிள்ளை, அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் நிற்கிறான். அய்யனார் கோவில் அருவிப் பக்கம் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் பாறைகளுக்கிடையே உள்ள கசங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அப்படியொரு கண்மாயில் மூழ்கிப்போன பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஜனாஸாவில் நாங்கள் எட்டுப் பேரும் நின்றோம். உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கூறுகிறது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த எண்ணிக்கையைப் பின்னாளில்தான் படித்தோம். அன்று கண்ணில் நின்றது அந்த ஒரே சந்தூக்தான். கப்ருஸ்தானிலிருந்து திரும்பும் வழியிலேயே, நம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தே தீருவது என்று பேசி முடித்தோம்.

இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட சாலையருகே, மாந்தோப்பை ஒட்டித் தனியார் நீச்சல் குளம் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. நீளம் 25 மீட்டர், அகலம் பன்னிரண்டரை மீட்டர். ஆழம் ஒரு முனையில் மூன்றரை அடியில் தொடங்கி மறுமுனையில் ஆறடி வரை போகும். அதில் 4 லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் நிற்கிறது. கத்திரி வெயிலில் குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் ஊரில், இத்தனை தண்ணீரில் விளையாடுவது தகுமா என்ற உறுத்தல் எங்களில் சிலருக்கு இருந்தது. வடிகட்டி மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தும் நீர்தான் என்று குளத்துக்காரர் விளக்கிய பிறகே மனம் ஆறியது.

ஆறு வாரம் பயிற்சி நடந்தது. மாஷா அல்லாஹ், பிள்ளைகள் மீன்குஞ்சுகளாக மாறினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்குப் போட்டி வேண்டும், எங்களுக்கும் அதைப் பார்க்க வேண்டும். எங்கள் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெண் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வசிக்கிறார். அங்கே குடியிருப்புப் பகுதிகளின் சிறு குளங்களிலேயே கோடைதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள் என்றும், வடக்கு வர்ஜீனியாவில் 1956 முதலே இதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது என்றும், நேரம் குறிப்பதிலிருந்து வரிசையில் நிறுத்துவது வரை பெற்றோரே கவனித்துக்கொள்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். எந்தப் போட்டி, எத்தனையாவது சுற்று, எந்தத் தடம் என்பதைப் பிள்ளையின் கையிலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவார்களாம். நல்ல யோசனையென்று நாங்களும் பேனா வாங்கி வைத்தோம். காலையில் பார்த்தால், நம் தாய்மார்கள் வழக்கம்போலப் பிள்ளைகளுக்குத் தலை முதல் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறார்கள். எந்தப் பேனா அதில் எழுதும்?

அறுபது பிள்ளைகளை எதிர்பார்த்தோம். 143 பேர் வந்தார்கள். வாட்ஸ்அப்பில் போட்ட அழைப்பு சிவகாசி, சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று சொந்தபந்தங்களின் வழியே ஓடிவிட்டது. விடுமுறைக்கு நன்னி வீட்டுக்கு வந்த பிள்ளைகளையும் கூட்டிவந்துவிட்டார்கள். வாசல் வரை வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. அன்று நாங்கள் செய்த முதல் தவறு அந்த உபசாரம்தான்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒருவருக்கு இரண்டு போட்டி என்றால் 286 நீச்சல்கள். குளத்தில் ஐந்தே தடங்கள். ஆக, 58 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்து, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று காகிதத்தில் எழுதியிருந்தோம். ஏழு வயதுப் பிள்ளையை வரிசையில் நிறுத்தி, அவன் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும் வரை காத்திருந்து, விசிலுக்கு முன்பே குதித்தவனை மேலே ஏற்றி, நீந்தி முடித்தவனைக் குளத்திலிருந்து வெளியே அழைக்க ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஆனது. ஆண் பிள்ளைகளின் போட்டியைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பதும், ஆண்கள் எல்லோரும் வெளியேறிய பின் பெண்பிள்ளைகளின் போட்டியைப் பெண்களே நடத்துவதும் திட்டம். பதினோரு மணிக்கும் ஆண் பிள்ளைகளின் சுற்றுகளே ஓடிக்கொண்டிருந்தன.

சின்னச் சின்னக் குளறுபடிகளுக்கும் குறைவில்லை. மல்லாந்து நீந்துகிறவருக்குச் சுவர் நெருங்குவது தெரிய, சுவரிலிருந்து 5 மீட்டர் முன்னால் குளத்தின் குறுக்கே கொடிகள் கட்ட வேண்டும் என்பது போட்டி விதி. இரண்டு பிள்ளைகள் தலையை முட்டிக்கொண்ட பிறகுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது. ஒரு கல்யாண வீட்டில் மிஞ்சிய பச்சைத் தோரணத்தை எடுத்துவந்து கட்டினோம். மூன்றாம் இடம் யாருக்கு என்பதில் இரு தகப்பன்மார்களுக்குள் வாக்குவாதம் முற்றி, ஒருவர் சலாம்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். இவற்றையெல்லாம் பிற்பாடு சொல்லிச் சிரிக்கலாம்.

தண்ணீர் கலங்கியதைத்தான் நாங்கள் பொருட்படுத்தியிருக்க வேண்டும். வியர்வை, எண்ணெய், கால்மண் எல்லாம் நூற்றுக்கு மேற்பட்ட உடல்களிலிருந்து இறங்குகின்றன. குளோரினோ வெயில் ஏற ஏற வீரியம் இழக்கிறது. பத்து மணிவாக்கில் ஆழமான பக்கத்தின் தரை தெரியவில்லை. நீர் பாலில் தண்ணீர் கலந்ததுபோல் இருந்தது. அடித்தரை தெரியாவிட்டால் எல்லோரையும் வெளியேற்றுவதுதான் குளம் பராமரிப்பவர்களின் முறை. குளத்தில் வேலை செய்யும் அண்ணன் இதை இரண்டு முறை எங்களிடம் சொன்னார். "இன்னும் பத்துச் சுற்றுதான் அண்ணே" என்று பதில் சொன்னோம்.

கடைசித் தடத்தைப் பயிற்சிக்கு விட்டிருந்தோம். அதில் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்த ஏழு வயதுச் சிறுவன், கயிற்றோடு நகர்ந்து நகர்ந்து ஆழத்துக்குப் போய்விட்டான். கை நழுவியது. அந்த நேரம் பெரிய பையன்களின் சுற்று முடியும் தருவாயில் இருந்தது. குளத்தைச் சுற்றி நின்ற நூறு பேரின் பார்வையும் மறுமுனையில் இருந்தது. அவன் கத்தவில்லை. கையை ஆட்டவுமில்லை. மூழ்குகிற பிள்ளையால் பெரும்பாலும் அதெல்லாம் முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருவதும் கீழே போவதுமாக இருக்கும்போது, கிடைக்கிற நொடி மூச்சிழுக்கவே போதாது. குரல் எழுப்ப எங்கே நேரம்? நிமிர்ந்தவாக்கில், படியேற முயல்பவனைப் போலத் தண்ணீரை அழுத்திக்கொண்டிருப்பான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது விளையாட்டாகவே தெரியும்.

இலை அள்ளும் வலையோடு நின்ற அந்த வேலைக்கார அண்ணன் மட்டும் பார்த்தார். வலைக்கம்பை நீட்டி, பிள்ளையின் தோளுக்கடியில் கொடுத்து இழுத்து, குதித்துத் தூக்கிவிட்டார். பிள்ளை நீரைக் கக்கி அழுதான். நுரையீரலுக்குள் நீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சு மோசமாகலாம் என்று மருத்துவமனையில் மாலை வரை கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நலமாக இருக்கிறான்.

"சத்தம் போடுற பிள்ளைக்கு மூச்சு இருக்கு பாய். சத்தம் இல்லாத பிள்ளையைத்தான் பார்க்கணும்" என்றார் அந்த அண்ணன். அவர் பேச்சில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

எங்கள் காகிதத்தில் நான்கு உயிர்க்காவலர்கள் இருந்தார்கள். நால்வரும் எங்களில் உள்ளவர்களே, நால்வரும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். ஆள் பற்றாக்குறையால் இருவர் நேரம் குறிக்கப் போயிருந்தார்கள். ஒருவர் பிரியாணி தேக்சாக்களை இறக்கப் போயிருந்தார். நாலாமவர் தம் மகன் நீந்துவதைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார். சிறுவனின் தாயார் மருத்துவமனையில் எங்களைத் திட்டவில்லை. "அத்தனை பேர் இருந்தீங்களே" என்று மட்டும் சொன்னார். பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

அன்றைய பெண்பிள்ளைகளின் போட்டி நடக்கவில்லை. இது எங்களுக்கு இரண்டாவது வெட்கம். நனைந்தால் கனக்கும் பருத்திச் சுடிதாரில் நீந்த முடியாது என்பதால், உடல் முழுக்க மறைக்கும் இலகுவான நீச்சல் உடைகளை ஒரு சகோதரி பார்த்துப் பார்த்துத் தைத்துக்கொடுத்திருந்தார். சுற்றிலும் ஷாமியானாத் துணி கட்டியாயிற்று. நீந்தத் தெரிந்த பெண்கள் இரு ஊர்களிலும் இருவர்தான் கிடைத்தார்கள் என்பதால் மதுரையிலிருந்தும் ஓர் உடற்கல்வி ஆசிரியை வந்திருந்தார். ஐம்பத்திரண்டு பிள்ளைகள் காலையிலிருந்து காத்திருந்து, உடை நனையாமலே வீடு திரும்பினார்கள். தவறு ஆண்களின் நேரத்தில் நடந்தது, இழப்பு அவர்களுக்கு.

போட்டிக்கு நாங்கள் அச்சிட்ட பதாகையில், பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்குமாறு உமர் (ரலி) அவர்கள் பணித்த செய்தியைப் போட்டிருந்தோம். அடுத்த வாரம் ஹஜ்ரத் ஒருவர் எங்களை உட்கார வைத்து, அந்தச் செய்தி முஸ்னத் அஹ்மதில் எப்படி இடம்பெறுகிறது என்று விளக்கினார். அது உமர் (ரலி) அவர்கள் அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு எழுதிய மடல். சிறுவர்களுக்கு நீச்சலையும் வீரர்களுக்கு அம்பெய்தலையும் கற்பிக்கச் சொல்கிறது. அதே அறிவிப்பின் தொடர்ச்சியில், அம்பெய்யும் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, எங்கிருந்தோ வந்த அம்பு ஒன்று தைத்து ஒரு சிறுவன் இறந்துபோகிறான். தாய்மாமனின் பொறுப்பில் வளர்ந்த பிள்ளை. அவனுடைய உயிருக்கான இழப்பீட்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்டு மறுபடியும் மடல் போகிறது. இத்தனை காலமும் நாங்கள் முதல் பாதியை மட்டுமே பதாகைகளில் படித்திருக்கிறோம்.

இனி வேண்டாம் என்று எங்களில் மூவர் சொன்னார்கள். கத்ரு என்று ஒருவர் சொன்னார். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டது யார் என்று இன்னொருவர் கேட்டார். நீண்ட பேச்சுக்குப் பிறகு, கண்மாய் அங்கேயேதான் இருக்கிறது என்பதால், தொடர்வதென்று முடிவாயிற்று.

இவ்வாண்டு ஒரே நாளில் கூட்டாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்தோம். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து பிள்ளைகள். அதற்கு மேல் ஒருவருக்கும் இடமில்லை. நீந்துகிற ஐவரைத் தவிர யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து வந்தவர் சீயக்காய் போட்டுக் குளித்த பிறகே இறங்கலாம். ஆழமான பக்கத்தின் அடியில் உள்ள கறுப்பு ஓடு கண்ணுக்குத் தெரியாத நிமிடம் போட்டி நிற்கும். சிவப்புத் தொப்பி அணிந்த நால்வருக்குக் குளத்தைப் பார்ப்பது தவிர வேறு வேலை கிடையாது, கைபேசி கிடையாது, தம் பிள்ளை நீந்த வேண்டிய நாளில் அவன் போட்டிகள் முடியும் வரை தொப்பியும் கிடையாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். ஆண் பிள்ளைகளின் நாள்களில் அவர்களுக்குத் தலைவர், உரிய சம்பளத்தோடு, அந்த அண்ணன்தான். மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவதோடு மூச்சு ஊதுவதும் இன்றியமையாதது என்பதை எட்டுக் குடும்பத்தாரும் பொம்மையை வைத்துப் பழகினோம்.

வாசலில் இருபத்திரண்டு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினோம். நெருங்கிய உறவினர் ஒருவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை. கூட்டமில்லாத போட்டி என்ன போட்டி என்று கேட்டவர்களும் உண்டு.

முதல் ஞாயிற்றுக்கிழமையைப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கினோம். ஃபஜ்ருக்குப் பிறகு, வெயில் வருவதற்குள், பெண்கள் மட்டுமே உள்ளே. கடந்த ஆண்டு உடை நனையாமல் திரும்பியவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். தண்ணீருக்குள் சிக்கிய அந்தச் சிறுவனை அவனுடைய தாயார் இன்னும் நீச்சலுக்கு அனுப்பவில்லை. அவனுடைய அக்காவை அழைத்துவந்திருந்தார். மகள் இரண்டாவது தடத்தில் நீந்தியபோதும் அவர் மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை; தண்ணீரில் தெரிந்த ஐந்து தலைகளையும் விரலால் எண்ணிக்கொண்டே கரையோரமாக நடந்தார். மகளின் இரண்டு போட்டிகளும் முடிந்தபின், எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு சிவப்புத் தொப்பியை எடுத்துப்போய் அவரிடம் கொடுத்தார்கள். வாங்கி அணிந்துகொண்டார்.