வரப்பு வைத்த வால்வு

சுரக்குடி வயலில் தண்ணீரை நிறுத்த வேண்டுமா? மண்வெட்டியால் நாலு கொத்து மண்ணை வெட்டி மடையில் போட்டு மிதித்தால் போதும். கொஞ்சம் கசிந்தால்கூட பக்கத்து வயலுக்குத்தான் போகும். யாருக்கும் நஷ்டமில்லை.

எல்லாத் திரவமும் இப்படிச் சாதுவாக இருக்குமா என்ன! இதே காரைக்கால் மாவட்டத்தில் கெம்பிளாஸ்ட் சன்மாரின் காஸ்டிக் சோடா ஆலை இருக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின், ஹைட்ரஜன், காஸ்டிக் சோடா மூன்றும் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உப்புநீர் இரும்பைத் துருவாக்கும். காஸ்டிக் தோலைப் புண்ணாக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூடத் தாங்காது. இந்த மாதிரி திரவங்களுக்கு மடை கட்டுவது எப்படி?

அதற்கு ஒரு வழிதான் டயாபிரம் வால்வு. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த சாண்டர்ஸ் என்ற பொறியாளர், வால்வுகள் கசிந்து வீணாவதைப் பார்த்து, 1920களின் கடைசியில் இதை உருவாக்கினார். இன்றைக்கும் 'சாண்டர்ஸ் வால்வு' என்றே சொல்பவர்கள் உண்டு.

விஷயம் ரொம்ப எளிது. குழாய்க்குள் குறுக்கே வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு. அதற்கு மேலே ஒரு ரப்பர் தகடு. அதுதான் டயாபிரம். கைச்சக்கரத்தைத் திருகினால் ரப்பர் இறங்கி வரப்பின்மேல் அழுந்தும், ஓட்டம் நிற்கும். தண்டு, மரை எல்லாம் ரப்பருக்கு மேலேயே இருப்பதால் அமிலம் அவற்றைத் தொடாது. வால்வின் உட்புறத்துக்கும் ரப்பரோ டெஃப்லானோ பூசிவிட்டால், வெளியே சாதாரண வார்ப்பிரும்பே போதும்.

சுண்ணாம்புக் குழம்பு, மணல் கலந்த சேறு ஓடும் குழாய்களில் கேட் வால்வின் பள்ளத்தில் மணல் சிக்கிக்கொண்டால் அது முழுசாக மூடாது. ரப்பரோ சின்ன மணல் துகளையும் அணைத்துக்கொண்டு மூடிவிடும். சேறு ரொம்பக் கெட்டி என்றால் வரப்பே இல்லாத நேர்வழி வால்வு. ஆனால் அதில் ரப்பர் இன்னும் கீழே இறங்கி வளைய வேண்டும், அதனால் ஆயுள் குறைவு.

இனிதான் காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். கணக்குப் புத்தகத்தில் வால்வு ஒரு சொத்து, வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவார்கள். ரப்பர் தகடோ வெறும் உதிரிபாகச் செலவு. லாபம் குறைந்தால் முதலில் கை வைப்பது இதில்தான். "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமே" என்பார்கள். ஆனால் ரப்பர் நிதியாண்டைப் பார்த்துத் தேய்வதில்லை. எத்தனை முறை மூடினார்கள், எவ்வளவு சூடு, என்ன திரவம் என்பதைப் பொறுத்துத் தேய்கிறது.

இன்னொரு ஆபத்து, பெரும்பாலான ரப்பர் கறுப்பாகத்தான் இருக்கும்! உரசலுக்கு இயற்கை ரப்பர், காஸ்டிக்குக்கு இபிடிஎம், எண்ணெய்க்கு நைட்ரைல். அளவு மட்டும் பார்த்து மலிவான கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டால், தவறான தகடு உப்பும், விரியும், ஒருநாள் கிழியும். அமிலம் மேல் மூடிக்குள் ஏறி வெளியே சொட்டும்போது அங்கே நிற்பவர் கையெழுத்துப் போட்டவர் அல்ல. கைச்சக்கரத்தைப் பிடித்திருக்கும் தொழிலாளி.

மடை உடைந்தால் நாலு கொத்து மண் போதும். இங்கே அப்படியில்லை. ஸ்டோர்ஸ் கணக்கில் அந்த ஒற்றை வரியை வெட்டுவதற்கு முன்னால், குழாயில் என்ன ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, இல்லையா?