கைக்கு ஏற்ற வில்

நுழையும்முன்

கருவியின் சிறப்பு அதன் விலையில் இல்லை. ஏந்துபவரின் உடலுக்கும் பயிற்சிக்கும் அது பொருந்துவதில் உள்ளது. பழகிய வில்லை விடுத்துப் புதிய வில்லைக் கைக்கொண்ட மாணவி ஒருத்தியின் பட்டறிவை எடுத்துரைக்கும் இக்கட்டுரை, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் நம்மை நாமே அளந்தறிய வேண்டியதன் தேவையை உணர்த்துகிறது.

பழைய வில்லும் புதிய விருப்பமும்

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் அம்மாணவி ஒரு முடிவுக்கு வந்தாள். மூன்றாண்டுகள் பழகிய 'காம்பவுண்டு' வில்லை வைத்துவிட்டு 'ரீகர்வ்' வில்லை எடுப்பது என்பதே அம்முடிவு. பழைய வில்லால் மாவட்டப் போட்டிகளில் அவள் பதக்கங்கள் பெற்றிருந்தாள். மாநிலப் போட்டியிலும் அவள் பெயர் தெரியத் தொடங்கியிருந்தது. 'இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகிறாளே' என்று வீட்டார் கவலையுற்றனர்.

அவள் விருப்பத்திற்குக் காரணம் இருந்தது. நெடுங்கால இடைவெளிக்குப்பின் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மீண்டும் இடம்பெற்றது. அன்றுமுதல் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை அக்களத்தில் ரீகர்வ் வில்லுக்கே இடம் இருந்தது. காம்பவுண்டு வில்லோ 2014இல்தான் ஆசிய விளையாட்டில் நுழைந்தது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் அவ்வில்லுக்குரிய ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியரே வென்றனர். எனினும் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அவ்வில்லுக்குக் கலப்பு இணைப்பிரிவு ஒன்று மட்டுமே சேர்க்கப்பட்டுள்ளது. தனியொருத்தியாய் ஒலிம்பிக் களத்தில் நிற்க விரும்புபவர் ரீகர்வ் வில்லையே ஏந்த வேண்டும்.

இவ்வாறு மாறியவர் உலகில் அவள் ஒருத்தி மட்டுமல்லள். அமெரிக்க வீரர் பிராடி எலிசனும் இளமையில் காம்பவுண்டு வில்லாளராகவே விளங்கினார். 2006இல் ரீகர்வ் வில்லுக்கு மாறிய அவர், 2019இல் உலக வாகையர் ஆனார். அவருடைய படத்தை அவள் தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள்.

இரவல் வில் உணர்த்திய உண்மை

காம்பவுண்டு வில்லில் அவள் இழுத்த விசை 45 பவுண்டு. ஆகவே 38 பவுண்டு ரீகர்வ் வில் தனக்கு எளிது என்று எண்ணினாள். மூத்த மாணவர் ஒருவர் அத்தகைய வில்லைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்தார். அதனை ஒருநாள் இரவல் வாங்கிக் களத்திற்கு வந்தாள்.

நாணை இழுத்தாள். பாதித் தொலைவுவரை நாண் வந்தது. அதன்பின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் விசை கூடிற்றே அன்றிக் குறையவில்லை. நாண் தாடையைத் தொடும் முன்பே வில் பிடித்த கை நடுங்கியது. தோள் காதை நோக்கி உயர்ந்தது. குறி பார்க்கும் பொறுமை இன்றி அம்பை விடுத்தாள். அம்பு இலக்குப் பலகையைக் கடந்து மண்மேட்டில் புதைந்தது. பத்தாவது அம்புக்குள் விரல் நுனிகள் சிவந்தன. மறுநாள் காலை தலைவாரக் கையை உயர்த்தியபோது தோள் வலித்தது.

"ஐயா, என்னிடம் வலிமை இல்லையா?" என்று பயிற்றுநரிடம் கேட்டாள்.

"வலிமை இருக்கிறது அம்மா, கணக்குத்தான் பிழை" என்றார் அவர். "காம்பவுண்டு வில்லின் இருமுனைகளிலும் உருளைகள் இருக்கின்றன அல்லவா? நாண் முழுதும் இழுபட்டதும் அவை சுமையின் பெரும்பகுதியைத் தாமே ஏற்கின்றன. உன் வில் நூற்றுக்கு எண்பது பங்கை ஏற்கிறது. நாற்பத்தைந்து பவுண்டை நீ ஒரு நொடிதான் இழுத்தாய். குறிபார்த்து நின்றபோது உன் விரல்கள் தாங்கியது ஒன்பது பவுண்டு மட்டுமே. ரீகர்வ் வில்லில் உருளை இல்லை. இழுத்த சுமை முழுவதையும் நீயே தாங்கி நிற்க வேண்டும்."

மூன்றாண்டுகளாகத் தன் வலிமை என்று கருதியதில் பெரும்பங்கு பொறியினுடையது என அவள் அன்று உணர்ந்தாள். அவ்வுணர்வு தோள்வலியைவிட மிகுதியாக வருத்தியது.

அளந்து தேர்ந்த வில்

பயிற்றுநர் முதலில் அவளை அளந்தார். ரீகர்வ் வில்லில் நாண் தாடையின் அடியில் வந்து நின்று, மூக்கு நுனியையும் மோவாயையும் தொட வேண்டும். விசையைப் பொறி விடுவிப்பதில்லை. மூன்று விரல்கள் விடுவிக்கின்றன. எனவே பழைய வில்லின் இழுவை நீளம் புதிய வில்லுக்குப் பொருந்தாது. மிக மெலிந்த வில்லொன்றைக் கொடுத்துப் பலமுறை இழுக்கச் செய்து, அவளது இழுவை நீளம் 26 அங்குலம் எனக் கண்டார்.

ரீகர்வ் வில் ஒரே துண்டாக அமைவதன்று. 'ரைசர்' எனப்படும் நடுப்பிடியும், மேலும் கீழும் பொருத்தப்படும் இரு கைகளும் தனித்தனியே கிடைக்கும். நடுப்பிடியில் 25 அங்குலமே பெருவழக்கு. அதனோடு குட்டையான கைகளைப் பூட்டினால் வில் 66 அங்குலமும், நடுத்தரக் கைகளைப் பூட்டினால் 68 அங்குலமும், நெடிய கைகளைப் பூட்டினால் 70 அங்குலமும் ஆகும். இழுவைக்கு மிஞ்சிய நீள வில்லில் கைகள் போதிய அளவு வளையா. அம்பின் விரைவு குன்றும். மிகக் குட்டையான வில்லிலோ நாண் கூர்ங்கோணமாய் மடிந்து விரல்களை நெருக்கும். அவளுக்கு 66 அங்குல வில் பொருத்தமாக அமைந்தது.

வில்லின் கைகளில் பொறிக்கப்படும் விசை, 28 அங்குல இழுவைக்கு உரியது. இழுவை ஓர் அங்குலம் குறைய, விசையும் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். ஆகவே '28 பவுண்டு' என்று பொறித்த கைகள் அவள் இழுவைக்கு 24 பவுண்டு அளவே தரும். "இதுவே உன் தொடக்கம்" என்றார் பயிற்றுநர். முழு இழுவையில் பத்து நொடி நடுங்காமல் நின்று, அதனைப் பலமுறை செய்ய இயல்வதே அவர் வைத்த தேர்வு. 24 பவுண்டில் அவள் தேறினாள். 30 பவுண்டில் தேறவில்லை.

அம்புகளும் மாறின. விரல்களை விட்டு நாண் நழுவும்போது அது சற்றே பக்கவாட்டில் விலகும். அதனால் அம்பு வளைந்து நெளிந்தே பறக்கும். அவ்வளைவு வில்லின் விசைக்கு இசைந்ததாக இருத்தல் வேண்டும். பழைய வில்லின் விறைப்பான அம்புகள் இதற்கு உதவவில்லை. குறிகாட்டியில் பெருக்கிக் காட்டும் கண்ணாடியும் இல்லை. நாணிடையே பார்க்கும் சிறுதுளையும் இல்லை. அம்புமுனை கடந்ததும் 'டிக்' என ஒலிக்கும் 'கிளிக்கர்' என்னும் மெல்லிய தகடு ஒன்றே இழுவை நிறைவுற்றதை அறிவிக்கும்.

தந்தையின் சொல்

24 பவுண்டு வில்லை அவ்வகாதெமியில் எட்டாம் வகுப்புச் சிறுவரும் ஏந்தினர். அவர்களது வரிசையில் நிற்க அவளுக்கு நாணமாக இருந்தது. "அப்பா, அந்த முப்பத்தெட்டையே வாங்கிவிடுவோம். பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று வீட்டில் கேட்டாள். வில்லுக்கென அவர் ஈராண்டு சேர்த்த பணம் அது. தவறான வில்லை வாங்கினால் மற்றொன்று வாங்க வழியில்லை.

தையற்கடை நடத்தும் தந்தை சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "துணியை அளந்துவிட்டு வெட்டுகிற தொழில் நமது, பாப்பா. உடம்பைச் சட்டைக்கு ஏற்றபடி நான் வெட்டியதில்லை" என்றார்.

அவள் மறுமொழி கூறவில்லை. மறுநாள் பயிற்றுநரின் அறிவுரைப்படி, பணத்தின் பெரும்பகுதியை நல்லதொரு நடுப்பிடிக்குச் செலவிட்டனர். அது பல்லாண்டு உடன் வரும். வில்லின் கைகளோ வலிமை வளருந்தோறும் மாறுபவை. ஆகவே அவற்றை விலை குறைந்தனவாகத் தேர்ந்தனர். எவ்வகை நிறுவனத்தின் கைகளையும் ஏற்கும் பொதுப்பொருத்து முறையில் அந்நடுப்பிடி அமைந்திருந்ததால், பின்னர் கைகளை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருந்தது.

இழந்ததும் பெற்றதும்

அவ்வாண்டு மாநிலப் போட்டியில் அவள் பங்கேற்கவில்லை. அவளிடம் முன்னர்த் தோற்ற தோழி காம்பவுண்டு பிரிவில் பதக்கம் வென்றாள். அச்செய்தி வந்த மாலையில் அவள் 18 மீட்டர் தொலைவில், சிறுவர்களின் நடுவே, அம்பு எய்துகொண்டிருந்தாள். தோழிக்கு வாழ்த்துக் கூறிவிட்டு வந்து மீண்டும் வரிசையில் நின்றாள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை விசை 2 பவுண்டு கூடியது. ஒவ்வொரு முறையும் பத்து நொடித் தேர்வு நடந்தது. பதினான்காம் மாதத்தில் 34 பவுண்டு வில்லுடன் 70 மீட்டர்க் கோட்டில் நின்றாள். அத்தொலைவில் உள்ள இலக்கின் விட்டம் 122 செ.மீ.; அதன் நடுவே பத்துப் புள்ளிக்குரிய வட்டம் 12.2 செ.மீ. மட்டுமே. முதல் ஆறு அம்புகளில் ஐந்து இலக்கில் தைத்தன. ஒன்று மஞ்சள் வட்டத்தைத் தொட்டது. பழைய வில்லால் அவள் பெற்ற புள்ளிகளுக்கு அவை ஈடாகவில்லை. ஆயினும் அந்த ஆறு அம்புகளின் சுமை முழுவதையும் அவளே தாங்கியிருந்தாள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் தனிநபர் இறுதிப்போட்டியில் பிராடி எலிசன் தென்கொரியாவின் கிம் வூஜினிடம் 4.9 மி.மீ. இடைவெளியில் தங்கத்தை இழந்தார். அவ்வெண்ணை அவள் குறிப்பேட்டில் அவர் படத்தின் கீழே எழுதினாள். அதனடியில் அன்றைய நாளையும் '34' என்னும் எண்ணையும் குறித்துவிட்டு, அம்புகளைப் பிடுங்கி வர இலக்கை நோக்கி நடந்தாள்.

தெரிந்து தெளிவோம்

வில்லைச் சிலை, தனு, கொடுமரம் என்றும், அம்பைக் கணை, வாளி, பகழி, கோல் என்றும் தமிழ் வழங்குகிறது. நாண், ஞாண் எனவும் வழங்கும். அம்புகளை இட்டு வைக்கும் கூடு அம்பறாத்தூணி எனப்படும். கொல்லிமலையை ஆண்ட ஓரி, விற்றிறத்தால் 'வல்வில் ஓரி' எனப் போற்றப்பட்டான்.

கற்பவை கற்றபின்

1. 'உடம்பைச் சட்டைக்கு ஏற்றபடி நான் வெட்டியதில்லை' என்னும் தந்தையின் கூற்று, வில்லைத் தேர்ந்தெடுப்பதற்கு எவ்வாறு பொருந்துகிறது? வகுப்பில் கலந்துரையாடுக.
2. மேற்படிப்பு, விளையாட்டு, கலை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் நீங்கள் அளந்தறிய வேண்டியவை யாவை? பட்டியலிடுக.